வெள்ளைத் தூண்களுக்கு நடுவே: ரஷ்ய சிம்பொனியை முதன்முறை கேட்பவருக்கு

ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியில், கடைசிப் பகுதி தொடங்கும்போது ஒரு மெட்டு இறங்கி வரும். அழுது ஓய்ந்தவர் விடும் பெருமூச்சு மாதிரி, மேலிருந்து கீழே, படிப்படியாக. காதில் அவ்வளவு தெளிவாக விழும் அந்த மெட்டை மேடையில் யாருமே முழுதாக வாசிக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? இசைக்குறிப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு ஸ்வரம் முதல் வயலின் குழுவுக்கு, அடுத்த ஸ்வரம் இரண்டாம் வயலின் குழுவுக்கு, அதற்கடுத்தது மறுபடி முதல் குழுவுக்கு என்று மாற்றி மாற்றிப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். ஒரு குழுவை மட்டும் தனியாக வாசிக்கச் சொன்னால் தாவித் தாவிப் போகும் ஒரு கோணல் வரிதான் கேட்கும். இரண்டும் ஒன்றாக ஒலிக்கும்போது நம் காது அந்தத் துண்டுகளைக் கோத்து மெட்டாக்கிக்கொள்கிறது.

அந்தக் காலத்து வழக்கப்படி இரண்டு வயலின் குழுக்களும், ஆர்க்கெஸ்ட்ராவை வழிநடத்தும் நடத்துநரின் இடப்பக்கமும் வலப்பக்கமுமாக எதிரெதிரே உட்காருவார்கள். ஆகவே ஒரு துண்டு இடப்பக்கத்திலிருந்தும் மறு துண்டு வலப்பக்கத்திலிருந்தும் வரும். நடுவே உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அந்த மெட்டு அரங்கின் காற்றிலேயே ஆடுவது போல இருக்கும்.

இது முதன்முதலில் ஒலித்தது 1893 அக்டோபர் 28 அன்று, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், பிரபுக்கள் சபையின் மண்டபத்தில். நடத்தியவர் சாய்கோவ்ஸ்கியே. ஒன்பது நாள் கழித்து அவர் இறந்துபோனார். அந்த மண்டபம் இன்றும் இருக்கிறது. இப்போது அதற்குப் பீட்டர்ஸ்பர்க் ஃபில்ஹார்மோனியாவின் பெரிய அரங்கு என்று பெயர். ரஷ்யர்களின் ஆர்க்கெஸ்ட்ரா இசையை எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது கேட்டால் நான் இந்த அரங்கைத்தான் காட்டுவேன். நேரில் போக முடியாவிட்டாலும் பரவாயில்லை. அங்கே ஒரு மாலை எப்படிப் போகும் என்று தெரிந்துகொண்டால், வீட்டில் பதிவைக் கேட்கும்போதும் அது உதவும்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நம் ஊரில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் கல்யாண வரவேற்பில் கீபோர்டும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு சினிமாப் பாட்டு பாடுகிற குழு. இங்கே பேசுவது சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவைப் பற்றி. எண்பது பேர், சில படைப்புகளுக்கு நூறு பேருக்கும் மேல். மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. பாதிக்கு மேற்பட்டவர்கள் வில் போட்டு வாசிப்பவர்கள்: வயலின் இரண்டு குழு, அதைவிடக் கொஞ்சம் கனத்த குரலுள்ள வியோலா, முழங்காலுக்கு நடுவே வைத்து வாசிக்கும் செல்லோ, ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் டபுள் பாஸ். அவர்களுக்குப் பின்னால் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன். அதற்கும் பின்னால் ஹார்ன், டிரம்பெட், டிராம்போன், டியூபா என்று பித்தளை வாத்தியங்கள். கடைசி வரிசையில் தாள வாத்தியங்கள். சத்தம் அதிகமுள்ளது பின்னால், குறைவானது முன்னால் என்ற எளிய கணக்குதான் அது. ஒரு டிரம்பெட் நினைத்தால் இருபது வயலினை மூழ்கடித்துவிடும்.

கச்சேரி தொடங்குமுன் ஓபோ ஒற்றை ஸ்வரத்தைப் பிடித்து நீட்டும். மற்றவர்கள் எல்லோரும் அதோடு தங்கள் வாத்தியத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். நமக்கு இது புதிதில்லை, சுருதி சேர்ப்பதுதான். பலருக்குக் கச்சேரியிலேயே மிகவும் பிடித்த அரை நிமிடம் இதுதான், எனக்கும் அப்படியே.

அப்புறம் நடத்துநர் வருவார். கையில் சிறு குச்சி. தாளம் காட்டத்தான் அவர் என்று நினைத்தால் பாதிதான் சரி. நல்ல ஆர்க்கெஸ்ட்ராவுக்குத் தாளம் காட்ட ஆள் தேவைப்படுவதில்லை. எல்லா ஸ்வரமும் தாளில் எழுதியிருக்கிறது, ஆனால் எந்தக் குரல் மேலே தெரிய வேண்டும், இந்த வளர்ச்சி எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும், இந்த மௌனம் எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதைத் தாள் முழுதாகச் சொல்வதில்லை. அதை ஒத்திகையில் தீர்மானிப்பவர் நடத்துநர். இதே அரங்கில் எவ்கெனி ம்ராவின்ஸ்கி என்பவர் 1938 முதல் 1988இல் சாகும்வரை, ஐம்பது ஆண்டுகள் லெனின்கிராட் (பீட்டர்ஸ்பர்க்கின் அன்றைய பெயர்) ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவின் தலைமை நடத்துநராக இருந்தார். அவர் விட்டுச்சென்ற சாய்கோவ்ஸ்கி பதிவுகளைக் கேட்டால், ஒரே குறிப்பை வைத்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு இறுக்கமாக, எவ்வளவு கறாராக வாசிக்கவைக்க முடியும் என்று புரியும். அவரும் வயலின் குழுக்களை எதிரெதிரேதான் உட்காரவைத்தார்.

மைக் இல்லையென்றால் கடைசி வரிசைக்கு எப்படிக் கேட்கும்? அந்த வேலையை அரங்கம் செய்கிறது. பீட்டர்ஸ்பர்க் மண்டபம் 1834க்கும் 1839க்கும் இடையில் கட்டியது. கட்டடக் கலைஞர் பால் ஜாக்கோ. முகப்பு மட்டும், அந்தச் சதுக்கம் முழுமைக்கும் திட்டம் வகுத்திருந்த கார்லோ ரோஸ்ஸியின் வரைவை ஒட்டியது. கட்டியவர்களின் மனதில் இருந்தது பிரபுக்களின் கூட்டங்களும் நடன விருந்துகளும். கச்சேரிக்கு அது இவ்வளவு பொருந்திப்போனது பெரும் பாக்கியம். உள்ளே நீள்சதுர அறை, உயரமான கூரை, இரு பக்கமும் வரிசையாக வெள்ளைத் தூண்கள், மேலே பளிங்குச் சரவிளக்குகள், சிவப்பு வெல்வெட் இருக்கைகள். சுமார் 1500 பேர் உட்காரலாம். செருப்புப் பெட்டி போன்ற இந்த வடிவத்தில் பக்கச் சுவர்கள் அதிகம் விலகியில்லாததால், மேடையிலிருந்து நேரே வரும் ஒலியின் பின்னாலேயே சுவரில் பட்ட ஒலியும் வந்து சேர்ந்துவிடுகிறது. காது இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. ஒலி தடிமனாகிறது, நம்மைச் சுற்றிலும் நிற்கிறது. தூண்கள் ஒலியை ஒரே திசையில் திருப்பாமல் சிதறடிக்கின்றன, அதனால் கண்ணாடியில் பட்டது போன்ற கூசும் எதிரொலி வருவதில்லை. வியன்னாவின் புகழ்பெற்ற முசிக்ஃபெராய்ன் அரங்கும் இதே பெட்டி வடிவம்தான். ஓபரா என்ற இசை நாடகத்துக்கான தியேட்டர்கள் வேறு மாதிரி. அங்கே ஆர்க்கெஸ்ட்ரா மேடைக்குக் கீழே பள்ளத்தில் உட்காரும், சுற்றிலும் குதிரை லாட வடிவத்தில் அடுக்கடுக்கான மாடங்கள் இருக்கும். பாடகரின் குரல் தெரிய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது.

சரி, சிம்பொனி என்றால் என்ன? ஆர்க்கெஸ்ட்ராவுக்காக எழுதிய நீண்ட படைப்பு, பெரும்பாலும் நான்கு பகுதி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல்கூடப் போகும். இந்த இலக்கணம் பாடப்புத்தகத்துக்கு உதவும், கேட்பவருக்கு அதிகம் உதவாது. கேட்பவருக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு மெட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதற்கு என்ன நேர்கிறது என்று பாருங்கள். பாட்டில் பல்லவி திரும்பி வரும்போது பெரும்பாலும் அது பழைய பல்லவியேதான். சிம்பொனியில் மெட்டு திரும்பி வரும்போது அது எங்கோ போய் எதையோ அனுபவித்துவிட்டு வந்திருக்கும். சிரித்துக்கொண்டு போனது உடைந்து வரும். ஒற்றைக் கிளாரினெட்டில் முணுமுணுத்தது நூறு பேர் வாயில் முழக்கமாக வரும். நாவலில் ஒரு பாத்திரத்தைப் பின்தொடர்வதைப் போல அதைப் பின்தொடர்ந்தால் போதும். ராகம், ஹார்மனி பற்றிய அறிவு ஏதும் இல்லாமலே முக்கால்வாசி பிடிபட்டுவிடும்.

ரஷ்யர்களிடம் இதைக் கற்றுக்கொள்வது சுலபம் என்பது என் எண்ணம். அவர்களுடைய மெட்டுகள் மனதில் உடனே ஒட்டிக்கொள்ளும், காரணம் பல மெட்டுகளுக்கு வேர் கிராமத்துப் பாட்டிலும் தேவாலயப் பாட்டிலும் இருக்கிறது. கிளிங்கா 1848இல் 'கமரின்ஸ்கயா' என்றொரு சிறு படைப்பு எழுதினார். ஒரு கல்யாணப் பாட்டு, ஒரு நாட்டியப் பாட்டு, இரண்டே மெட்டுதான். நாட்டிய மெட்டு மாறாமல் திரும்பத் திரும்ப வரும், அதைச் சுற்றியுள்ள வாத்தியங்களும் நிறமும் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். ஓக் மரம் விதைக்குள் இருப்பதுபோல ரஷ்ய சிம்பொனி மரபு முழுவதும் இதற்குள் இருக்கிறது என்று சாய்கோவ்ஸ்கி பின்னாளில் எழுதிவைத்தார். அவரே தன் நான்காவது சிம்பொனியின் கடைசிப் பகுதியில், வயலில் நின்ற பூர்ச்ச மரத்தைப் பற்றிய ஒரு பழைய நாட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டு இதே வித்தையைச் செய்கிறார். ஏழு எட்டு நிமிடம் நீளும் பகுதி. முதல் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது.

இவர்கள் பலரும் முழுநேர இசைக்காரர்களாக வளர்ந்தவர்கள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரஷ்யாவில் முதல் இசைக் கல்லூரியே 1862இல்தான் வந்தது, பீட்டர்ஸ்பர்க்கில், அன்டன் ரூபின்ஸ்டைனின் முயற்சியால். முதல் ஆண்டு மாணவர்களில் ஒருவர் நீதித்துறையில் குமாஸ்தாவாக இருந்த சாய்கோவ்ஸ்கி. கல்லூரிப் பக்கம் போகாமல் தாங்களே கற்றுக்கொண்ட இன்னொரு கூட்டமும் இருந்தது. அதன் தலைவர் பலாகிரெவ். மற்ற நால்வரில் பொரோடின் வேதியியல் பேராசிரியர், ரிம்ஸ்கி-கோர்சகோவ் கடற்படை அதிகாரி, குயீ கோட்டை கட்டும் ராணுவப் பொறியாளர், முசோர்க்ஸ்கி படையை விட்டு அரசு அலுவலகத்தில் சேர்ந்தவர். வேலை முடிந்த பிறகு, விடுமுறையில், உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த நாட்களில் எழுதியவைதான் இன்று உலகம் முழுக்க வாசிக்கப்படுகின்றன.

இனி அந்த மாலைக்கு வருவோம். ரஷ்யாவில் அரங்குக்குள் நுழைந்ததும் கோட்டைக் கழற்றிக் காப்பறையில் கொடுத்துவிட்டு, எண் போட்ட வில்லையை வாங்கிக்கொள்ள வேண்டும். கனத்த கோட்டோடு உள்ளே உட்காருவது அங்கே மரியாதையில்லை. தொடங்குமுன் மூன்று முறை மணி அடிக்கும். மூன்றாவது மணிக்குள் இருக்கையில் இருக்க வேண்டும்.

பழகிய நிகழ்ச்சி நிரல் ஒன்று உண்டு. முதலில் சுருக்கமாக ஒரு முன்னிசை. கிளிங்காவின் 'ருஸ்லானும் லுத்மிலாவும்' ஓபராவின் முன்னிசை இதற்கு நெடுநாளாக எல்லோருக்கும் பிடித்த தேர்வு. ஐந்து நிமிடம், வயலின்கள் மூச்சுவிடாமல் ஓடும். அடுத்தது கான்செர்ட்டோ, அதாவது ஒரு தனி வாத்தியக் கலைஞரும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது. ராக்மனினோவின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ என்றால், தொடக்கத்தில் பியானோ மட்டும் தனியாக, தூரத்துத் தேவாலய மணி நெருங்கி வருவது போல ஒவ்வொன்றாகக் கனத்த நாதங்களை அடிக்கும். எட்டாவது அடிக்குப் பின் வயலின்கள் ஒரு நீண்ட மெட்டோடு உள்ளே வரும். இதை எழுதுமுன் ராக்மனினோவ் மூன்று ஆண்டுகள் ஏறக்குறைய எதுவுமே எழுத முடியாமல் கிடந்தார். அவருடைய முதல் சிம்பொனி 1897இல் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறி மோசமாகத் தோற்றது. குயீ எழுதிய விமர்சனம் பைபிளில் வரும் எகிப்தின் பத்து வாதைகளை இழுத்துப் பேசியது. நிகோலாய் டால் என்ற மருத்துவர் ஹிப்னாடிச முறையில் பேசிப் பேசி அவரை மீட்டார். 1901இல் முழுதாக அரங்கேறிய கான்செர்ட்டோவை அந்த மருத்துவருக்கே காணிக்கையாக்கினார்.

கான்செர்ட்டோ முடிந்ததும் இடைவேளை. அதன்பின் சிம்பொனி.

கைதட்டல் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டாம். ஒரு படைப்பின் பகுதிகளுக்கு நடுவே தட்டுவதில்லை, முழுதும் முடிந்த பிறகுதான். சந்தேகமாக இருந்தால் நடத்துநரின் கையைப் பாருங்கள், அது தாழ்ந்து அவர் நம் பக்கம் திரும்பினால் முடிந்தது என்று அர்த்தம். ரஷ்யாவில் கைதட்டல் நீளும்போது எல்லோரும் ஒரே தாளத்தில் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ரசிகர்கள் மேடையருகே போய்ப் பூங்கொத்து கொடுப்பார்கள். கொத்தில் பூக்கள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், இரட்டைப்படை அங்கே சாவு வீட்டுக்கு உரியது.

இந்த அரங்கைப் பற்றிப் பேசிவிட்டு 1942ஐச் சொல்லாமல் விட முடியாது. 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை, 872 நாள், லெனின்கிராடை ஜெர்மானியப் படை முற்றுகையிட்டிருந்தது. பீட்டர்ஸ்பர்க்கின் அன்றைய பெயர் அது. முதல் குளிர்காலத்தில் வேலைக்குப் போகாதவர்களுக்கான ரொட்டிப் பங்கீடு நாளுக்கு 125 கிராம் வரை இறங்கியது, அந்த ரொட்டியிலும் முழுக்க மாவு இல்லை. மக்கள் பட்டினியில் லட்சக்கணக்கில் இறந்தார்கள். இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் தன் ஏழாவது சிம்பொனியை இந்த நகரத்தில் இருந்தபோது எழுதத் தொடங்கி, வெளியேற்றப்பட்ட பின் குய்பிஷேவ் என்ற நகரத்தில் முடித்தார். அங்கே உள்ள ஓபரா தியேட்டரில்தான் 1942 மார்ச் 5 அன்று, அங்கே இடம்பெயர்ந்திருந்த மாஸ்கோவின் பல்ஷோய் தியேட்டர் ஆர்க்கெஸ்ட்ராவால் அது முதலில் அரங்கேறியது. லெனின்கிராடிலும் அதை வாசித்தாக வேண்டும் என்று முடிவானது.

நகரத்தில் மிஞ்சியிருந்தது வானொலி ஆர்க்கெஸ்ட்ரா மட்டும். ம்ராவின்ஸ்கியும் அவருடைய குழுவும் சைபீரியாவில் உள்ள நொவசிபிர்ஸ்க்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். வானொலி ஆர்க்கெஸ்ட்ராவின் நடத்துநர் கார்ல் எலியாஸ்பெர்க் முதல் ஒத்திகைக்குக் கூப்பிட்டபோது வாசிக்கத் தெம்பிருந்தவர்கள் பதினைந்து பேர் அளவில்தான். சிம்பொனிக்கோ எட்டு ஹார்ன், ஆறு டிரம்பெட், ஆறு டிராம்போன் வேண்டும். ஊதுவதற்கு நெஞ்சில் காற்று வேண்டும், காற்றுக்குச் சோறு வேண்டும். கூடுதல் பங்கீடு கொடுத்தார்கள், போர்முனையிலிருந்த வாத்தியக்காரச் சிப்பாய்களை அனுப்பிவைத்தார்கள். இசைக்குறிப்பு விமானத்தில் வந்தது. 1942 ஆகஸ்ட் 9 அன்று இதே வெள்ளைத் தூண்களுக்கு நடுவே, சரவிளக்குகள் எரிய, கச்சேரி நடந்தது. அதற்குமுன் சோவியத் பீரங்கிகள் ஜெர்மானிய பீரங்கி நிலைகளை அடித்து அடக்கிவைத்தன, கச்சேரி நேரத்தில் குண்டு விழக்கூடாது என்று. தெருக்களின் ஒலிபெருக்கிகளிலும், எதிரிப்படையின் காதில் விழும்படியும் அதை ஒலிபரப்பினார்கள்.

மெட்டைப் பின்தொடர்வது என்று சொன்னேனே, அதற்கு இந்தச் சிம்பொனியின் முதல் பகுதி நல்ல உதாரணம். ஒரு சிறு மேளம் மெல்ல ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்க ஆரம்பிக்கும். அதன்மேல் ஒரு சின்ன மெட்டு வரும், கேலிப்பாட்டு மாதிரி, விசிலடித்துக்கொண்டு போகலாம் போன்றது. அதுவே பன்னிரண்டு முறை திரும்பும். ஒவ்வொரு முறையும் வேறு வாத்தியம், இன்னும் கொஞ்சம் சத்தம். மெட்டு மாறுவதே இல்லை. ஐந்தாறு சுற்றுக்குப் பின் கேலி போய்விடும். கடைசிச் சுற்றில் அது வீடுகளை நசுக்கிக்கொண்டு போகும் இயந்திரமாக இருக்கும்.

இப்போது மறுபடி சாய்கோவ்ஸ்கியின் ஆறாவதுக்கு வருகிறேன், முதல்முறை கேட்பவர் முழுதாக உட்கார்ந்து கேட்க வேண்டிய ஒன்று இது என்பதால். 45 நிமிடம் போல வரும். டபுள் பாஸ்கள் அடித்தளம் போட, பசூன் தன் அடிக்குரலில் முனகுவதோடு தொடங்குகிறது. கொஞ்ச நேரத்தில் அந்த முனகலே வேகமெடுத்து வியோலாக்களுக்குப் போகும், அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் எல்லாம் அடங்கி, வயலினும் செல்லோவும் ஒரு பாட்டைப் பாடும். எங்கோ கேட்ட மாதிரி இருக்கும், அவ்வளவு பரவிய மெட்டு. அது தேய்ந்து தேய்ந்து கிளாரினெட்டுக்கு வந்து, கடைசிச் சில ஸ்வரங்கள் காதுக்கு எட்டாத அளவுக்கு மெலியும். 'மெல்ல' என்பதற்குக் குறிப்பில் p என்று ஒரு எழுத்துப் போடுவது வழக்கம், சாய்கோவ்ஸ்கி இந்த இடத்தில் ஆறு எழுத்துப் போட்டிருக்கிறார். ஹெட்போனில் கேட்பவர்கள் தயவுசெய்து வால்யூமைக் கூட்டாதீர்கள். அடுத்த நொடி மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் முழு பலத்தோடு அறையும். நான் முதல்முறை கூட்டிவைத்திருந்தேன், நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். அந்தப் புயலின் நடுவே டிராம்போன்களில் ஒரு தேவாலய மெட்டு எட்டிப்பார்க்கும். இறந்தவர்களுக்காக ரஷ்யத் தேவாலயத்தில் பாடும் பாட்டு அது.

இரண்டாம் பகுதி வால்ட்ஸ் நடனம் போலவே சுழலும், ஆனால் கால் வைத்துப் பார்த்தால் இடறும். வால்ட்ஸுக்கு மூன்று எண்ணிக்கை, இதற்கு ஐந்து. 'தக தகிட' என்று விரலில் போட்டுப் பாருங்கள், கண்ட நடை பழகியவர்களுக்கு உடனே உட்கார்ந்துவிடும். மூன்றாம் பகுதி ஓட்டமாகத் தொடங்கி அணிவகுப்பாக வளர்ந்து, வெற்றி முழக்கமாக முடியும். உலகில் எங்கே வாசித்தாலும் இந்த இடத்தில் யாராவது கைதட்டிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வழக்கமான சிம்பொனி இப்படித்தான் முடியும், முடிந்துவிட்டது என்று நம்பும்படிதான் சாய்கோவ்ஸ்கி எழுதியிருக்கிறார். அந்த முழக்கத்துக்குப் பின்னால்தான் முதலில் சொன்ன பெருமூச்சு வருகிறது. சிம்பொனியை மெதுவான, அழுகிற பகுதியோடு முடிப்பது அந்தக் காலத்தில் யாரும் எதிர்பார்க்காதது.

1893இல் கேட்டவர்கள் மரியாதையாகத் தட்டினார்கள், ஆனால் குழம்பிப்போனார்கள். மூன்று வாரம் கழித்து, நவம்பர் 18 அன்று, அதே மண்டபத்தில் நப்ராவ்னிக் என்ற நடத்துநர் நடத்த, அஞ்சலியாக அது மறுபடி ஒலித்தது. இம்முறை யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அவர் தன் சாவை முன்கூட்டியே எழுதிவைத்தார் என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிக் கேட்பதில்லை. நலமாக நடமாடிக்கொண்டிருந்தபோது, ஆகஸ்டிலேயே எழுதி முடித்தது அது. தன் படைப்புகளிலேயே இதைத்தான் அதிகம் நேசிப்பதாகச் சகோதரி மகன் தவீதவுக்கு எழுதினார், அவருக்கே காணிக்கையும் ஆக்கினார்.

கடைசிப் பகுதியில் அந்த இறங்கும் மெட்டு இரண்டாம் முறை வரும்போது கவனியுங்கள். இப்போது அது பிரிந்து கிடக்காது, முதல் வயலின்கள் மட்டுமே முழுதாக வாசிப்பார்கள். கண்ணை மூடிக் கேட்டால் வித்தியாசம் சட்டென்று தெரியாது, மேடையைப் பார்த்தால் வில்கள் சொல்லிவிடும். அதற்குப்பின் ஒரு உச்சம், பிறகு பெரிய வெண்கலத் தட்டில் ஒரே ஒரு மெல்லிய அடி. சிம்பொனி முழுவதிலும் அந்த வாத்தியத்துக்கு உள்ளது அந்த ஒற்றை அடிதான். அதைத் தொடர்ந்து டிராம்போன்களும் டியூபாவும் தணிந்த குரலில் சில வரிகள். அப்புறம் ஒவ்வொரு வாத்தியமாக விலகிப்போய், செல்லோவும் டபுள் பாஸும் மட்டும் மிஞ்சும். டபுள் பாஸின் துடிப்பு இடைவெளி விட்டு விட்டு வரும். அடுத்தது வருமா என்று காத்திருக்கும்போதே நின்றுபோயிருக்கும். நடத்துநரின் கை இன்னும் மேலேதான் இருக்கும். அது இறங்கும்வரை இருங்கள்.